ஓணான்மெட்டில் கொசுக்கள் ருசி சுமந்த பருவம்

ஓணான்மெட்டில் கொசுக்கள் ருசி சுமக்க ஆரம்பித்தது கார்த்திகைக் கடைசியில், மழை விட்டு, கல்லுக்குழி நிரம்பி, ஏலக்காட்டுக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் மறுபடியும் விடிகாலையில் ஹாரன் அடிக்கத் தொடங்கிய வாரத்தில்தான் என்று டீக்கடை போஸ் சொல்வான். அவன் சொல்வதில் பாதியைத் தள்ளிவிடலாம், ஆனால் இந்த விஷயத்தில் தள்ள முடியாது, ஏனென்றால் முதல் ருசி வந்ததே அவன் வாய்க்குத்தான். அப்போது அவன் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தான். பொழுது சாயும் நேரம் கடை வாசலில் நின்றவன் கழுத்தில் ஒரு கொசு கடித்தது, அடிப்பதற்குள் தப்பிவிட்டது, அடுத்த நொடி அவன் வாய் முழுக்கக் கருவாட்டுக் குழம்பு, அதுவும் குடம்புளி போட்டுத் தேங்காய் எண்ணெயில் தாளித்துச் சுண்ட வைத்த குழம்பு. சாமியே சரணம் என்று கத்திக்கொண்டு குழாயடிக்கு ஓடி, கொப்பளித்துக் கொப்பளித்துப் பார்த்தான், போகவில்லை. போக வேண்டாம் என்று நாக்கு உள்ளுக்குள் கெஞ்சியதை மலைக்குப் போய் வந்த பிறகுதான் ஒப்புக்கொண்டான்.

ஓணான்மெட்டு மலைமேல் இருக்கும் ஊர், தமிழ்நாடு அங்கே முடிகிறது. ஊர்க் கடைசியில் ஒரு செக்போஸ்ட், கறுப்பு வெள்ளைக் கம்பம். அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம் யாருக்கும் சொந்தமில்லாத மாதிரி ஒரு துண்டு நிலம். அப்புறம் கேரளத்தின் செக்போஸ்ட், அங்கேயும் அதே கறுப்பு வெள்ளைக் கம்பம், அதையடுத்து அந்தப் பக்கத்து வீடுகள். அங்கே மலையாளம் பேசுவார்கள், கோபம் வந்தால் தமிழ். இங்கே தமிழ் பேசுவார்கள், கெஞ்சும்போது மலையாளம். இரண்டு கம்பத்துக்கும் நடுவில்தான் கல்லுக்குழி. ரோடு போட்ட காலத்தில் கல் உடைத்த பள்ளம் அது, மழைத்தண்ணீர் தேங்கித் தரை தெரிகிற தெளிவில் கிடக்கும்; சாக்கடைக் கொசுவுக்கு அது ஆகாது, உட்காரும்போது பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு உட்காரும் ஒரு சாதிக் கொசுவுக்கு அதுதான் தாய்வீடு. இந்தப் பக்கத்து மருந்து தெளிக்கிற ஆட்கள் இந்தக் கம்பத்தோடு திரும்பிவிடுவார்கள், அந்தப் பக்கத்து ஆட்கள் அந்தக் கம்பத்தோடு திரும்பிவிடுவார்கள், கொசுக்கள் நடுவில் நிம்மதியாகப் பெருகி, மாலையானால் இரண்டு பக்கமும் போய்வந்தன.

விஷயம் என்னவென்று விளங்க ஊருக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. கொசு யாரைக் கடித்துவிட்டு வருகிறதோ அவர் அன்றைக்குத் தின்றது அடுத்துக் கடிபடுகிறவர் வாய்க்கு வந்தது, அவ்வளவுதான். ஏன் என்று கேட்டவர்களும் இருந்தார்கள். ஏலத்துக்கு அடிக்கிற மருந்தால் என்றார் ஒருவர், மலைத்தெய்வத்தின் விளையாட்டு என்றார் இன்னொருவர். பேசிக்கொண்டிருக்கும்போதே பொழுது சாய்ந்துவிடும், அவரவர் வாசலில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். கொசு சுமந்தது சோற்றின் ருசியைக்கூட அல்ல, அந்தச் சோறு அந்த நாக்குக்கு எப்படி இருந்ததோ அந்த ருசியை. போஸ் தன் டீயைத் தேவாமிர்தம் என்று நம்பிக்கொண்டிருந்தவன்; வாடிக்கையாளர் ஒருவரைக் கடித்த கொசு அவனைக் கடித்தபோது அது கழுநீராகத் திரும்பி வந்தது, மறுநாளிலிருந்து அவன் கடையில் பால் கூடிவிட்டது.

முதலில் வந்த சிக்கல் விரதக்காரர்களுடையது. மாலை போட்டவன் வாய்க்குக் கருவாடு வந்தால் விரதம் முறிந்ததா இல்லையா என்று டீக்கடையில் விவாதம் நடந்து, கடைசியில் குருசாமியே தீர்ப்புச் சொன்னார்.

"பல்லுல கடிச்சியா? தொண்டைக்குள்ள எறங்குச்சா? கை நனைஞ்சுச்சா?"

"இல்ல சாமி."

"அப்ப சாப்ட்டதாகாது. போய் வேலையப் பாரு."

அதற்குப் பிறகு ஊர் கொசுவோடு குடித்தனம் நடத்தப் பழகிவிட்டது. குடியை விட்டுவிட்டேன் என்று கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தவன் வீட்டில், அவன் மனைவி அரிசி புடைத்துக்கொண்டிருக்கும்போதே அவள் வாயில் பிராந்தி மணத்தது, முறத்தாலேயே அவனைச் சாத்தினாள். சர்க்கரை வியாதிக்காரர்கள் ஒளித்துத் தின்ற அல்வா ஊருக்கெல்லாம் விநியோகமானது. ஏலக்காட்டில் களை வெட்டும்போது அந்தப் பக்கத்துப் பெண்களும் இந்தப் பக்கத்துப் பெண்களும் யார் வீட்டில் பெருங்காயம் தூக்கல், யார் வீட்டு மீன் பழசு என்று பேசிச் சிரித்தார்கள். இரண்டு செக்போஸ்ட்டுக் காவலர்களும் கட்டுச்சோற்றைப் பிரிக்காமலே இரண்டு மாநிலத்து விருந்தும் அனுபவித்தார்கள். ஒரு மாலை நாலைந்து பேருக்கு ஒரே மாதிரி ருசி வந்தது, வெறும் தண்ணீரும் அதன் பின்னால் காலி வயிற்றின் புளிப்பும். மேட்டுத் தெருவில் ஜீப்பிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கிடந்தவர் வீட்டை எல்லோருக்கும் நினைவு வந்தது, யாரும் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை, விடிந்ததும் அந்த வீட்டு வாசலில் மூன்று தூக்குச்சட்டிகள் இருந்தன. ஊர் இதுவரை இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்.

சமையல் மாஸ்டர் சுருளியாண்டி மட்டும் கொசுக்கடியைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. மெட்டைச் சுற்றிய ஊர்களில் எந்தக் கல்யாணம், எந்தக் காதுகுத்து என்றாலும் அடுப்பு அவருடையதுதான். கைதான் அளவு அவருக்கு. பந்திக்கு வைக்கிற பண்டத்தை அடுப்புக்காரன் ருசி பார்த்தால் அது எச்சில், எச்சில் பட்டது சாமிக்கும் ஆகாது சபைக்கும் ஆகாது என்பது அவர் தொழில் கற்ற இடத்துக் கட்டுப்பாடு. அண்டாவிலிருந்து வரும் ஆவியை முகர்ந்தே உப்பும் புளியும் சொல்லிவிடுவார். சொல்லிவிடுவதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அவர் பந்தியில் தண்ணீர் ஊற்றுவதற்கு மட்டும் எப்போதும் இரண்டு ஆள் அதிகம் போடுவார்கள், ஏன் என்று அவரிடம் சொல்லும் தைரியம் யாருக்கும் வரவில்லை. வீட்டில் தனக்குப் பொங்கித் தின்றாலும் அவர் நாக்கு அவர் கைக்குப் பழகிப்போன நாக்கு.

சொன்னது ஒரே ஒரு ஆள், அவருடைய மகள் முத்துப்பேச்சி. தாயில்லாப் பிள்ளை, அப்பா கைச் சோற்றிலேயே வளர்ந்தவள். நாலு வயதிலேயே "உப்பு கூடப்பா" என்று சொல்லிவிட்டு ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்து முடிப்பாள், "ஊரே பாராட்டுது, ஒனக்கு மட்டும் நாக்கு கோணலாடி?" என்று அவர் செல்லமாகக் குட்டுவார். வீட்டுக்குள் இருந்தவரை அது விளையாட்டு. போஸின் தங்கை கல்யாணத்தில், ஊரும் உறவும் பந்திக்குக் காத்திருக்கும்போது, அண்டா பக்கத்தில் நின்றிருந்த பேச்சி கரண்டியில் சாம்பாரைத் தொட்டு நாக்கில் வைத்து, "அப்பா, உப்பு கூட" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னதோடு நிற்காமல், ஒரு வாளி வெந்நீரையும் எடுத்துச் சாம்பாரில் ஊற்றினாள். அடுத்த மாதமே அந்தப் பக்கத்து ஜீப் டிரைவர் ஷிபுவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். மாலையும் கழுத்துமாக இருவரும் அப்பாவைப் பார்க்க வந்தபோது சுருளியாண்டி செக்போஸ்ட்டிலேயே மறித்து, கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, "இனி ஒன் வீட்ல கை நனைக்க மாட்டேன். ஒன் கையால பச்சத்தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். கல்யாணத்தைக்கூட மன்னித்திருப்பார், வெந்நீரைத்தான் மன்னிக்கவில்லை என்று ஊர் பேசிக்கொண்டது. மூன்று வருடம் ஆகியும் அவர் அந்தச் சொல்லை விடவில்லை; கண்ணுக்கெட்டும் தூரத்தில், அந்தக் கம்பத்தை ஒட்டிய முதல் வீட்டில் அவள் குடியிருந்தாள், அவள் வீட்டு அடுப்புப் புகையைக் காலையும் மாலையும் பார்த்துக்கொண்டுதான் அவர் இருந்தார்.

மார்கழியில் கல்யாணம் கிடையாது, மாஸ்டருக்கும் வேலை கிடையாது. ஒரு மாலை வீட்டு வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தவரின் தோளில் கொசு கடித்தது. வாயில் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு வந்தது, வெந்தயத்தைக் கருக விடாமல் சிவக்க வறுத்துப் பொடித்து, இறக்கும்போது தூவி மூடி வைத்த குழம்பு. அந்தப் பக்குவம் அந்த வட்டாரத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும், ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தார். குறை கண்டுபிடிக்க நாக்கைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தார், புளி சரி, உறைப்பு சரி, உப்புகூடச் சரியாகத்தான் இருந்தது, அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாள் மாலை சட்டையைக் கழற்றிவிட்டு வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார்.

"என்ன மாமா, மார்கழிக் குளிர்ல சட்டையில்லாம?" என்று போஸ் போகிற போக்கில் கேட்டான்.

"காத்து வாங்குறேன்டா. ஒனக்கென்ன?"

"வாங்குங்க வாங்குங்க. இன்னைக்கிக் காத்து என்ன குழம்போ."

குருசாமியின் தீர்ப்பு அவருக்குக் கைகொடுத்தது. கை நனையவில்லை, தண்ணீர் வாங்கவில்லை, வாக்கு வாக்காகவே இருந்தது. வாய் மட்டும் தினமும் மகள் வீட்டுக்குப் போய்வந்தது. ஒருநாள் பருப்புருண்டைக் குழம்பு, ஒருநாள் எள்ளுத் துவையல், எல்லாம் அவர் கற்றுக்கொடுத்தவை. ஷிபுவுக்காகச் செய்த மீன்கறியும் நடுவில் வந்தது, அதில் அவருடைய வெந்தயப் பொடியைப் போட்டிருந்தாள். நினைத்துக்கூடப் பார்க்காத சேர்க்கை, நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் ஒரு மாலை குழம்பும் சோறும் எதுவும் இல்லாமல், வெறும் திருநீறு. விரல் விரலாக, ஆசை ஆசையாக, அள்ளித் தின்ற திருநீறு. பேச்சியின் அம்மா அவளை வயிற்றில் வைத்துக்கொண்டு கோயில் கோயிலாகத் திருநீறு தின்றவள். தாத்தாவாகப் போகிறேன் என்று சொல்ல அந்த வீட்டில் சுவரைத் தவிர யாரும் இல்லை, அதனால் சுவரிடமே சொன்னார்.

கசப்பு வந்தது அதற்குச் சில நாள் கழித்து. முதல்முறை அவர் வேப்பம்பூ ரசம் என்று நினைத்தார். கொஞ்சம் நிதானித்ததும் அடியில் கஞ்சி தெரிந்தது, சுக்குத் தட்டிப் போட்டு, ஒரு வத்தல் மிளகாயைச் சுட்டுப் போட்ட கஞ்சி, காய்ச்சல் என்றால் அவர் மகளுக்குக் காய்ச்சித் தருகிற கஞ்சி. அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் மாலை கசப்பில்லை, நல்ல தக்காளித் தொக்கு வந்தது, மனது லேசாகிவிட்டது. அதற்கு மறுநாள் மறுபடியும் கசந்தது, முன்னிலும் மோசமாக. அதற்கடுத்த நாள் எலுமிச்சைச் சோறு. இப்படிக் கசப்பும் ருசியும் மாறி மாறி வர, அவர் பயமும் நிம்மதியும் மாறி மாறிப் பட்டுக்கொண்டு, கம்பம்வரைக்கும் நடந்து நடந்து திரும்பினார். போனால் வாக்கு என்னாவது என்பது ஒன்று. கொசு வழியாக மகள் சோற்றைத் தின்றுகொண்டிருந்தேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டுமே என்பது அதைவிடப் பெரியது.

அந்த வாரம் மலேரியா இன்ஸ்பெக்டர் மெகருன்னிசா மேடம் ஊருக்கு வந்தார். மெட்டுக்குக் கீழே ரத்தம் சோதித்ததில் இரண்டு பேருக்கு மலேரியா தெரிந்து, இருவரும் ஓணான்மெட்டு ஆட்கள் என்பதால் வந்திருந்தார். பொழுது சாயும் நேரம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, ஊர் சொன்ன கதை முழுவதையும், சிரிக்காமல், நடுவில் பேசாமல் கேட்டார். அவருக்கும் முழங்கையில் கொசு கடித்தது, யார் வீட்டு உளுந்தங்களியோ வாய்க்கு வந்தது, தலையை ஆட்டிக்கொண்டார்.

"நல்லாத்தான் இருக்கு, நான் இல்லைங்கல" என்றார். "ஆனா ருசி அன்னன்னைக்கே வந்துருது, காய்ச்சல் அப்படி வராது. அது கொசு வயித்துக்குள்ள பத்துப் பன்னெண்டு நாள் வளந்து, அப்புறந்தான் அடுத்த ஆளுக்கு எறங்கும். இன்னைக்கி நீங்க ருசி பாக்குற வாசலுக்கெல்லாம் பின்னாடியே காய்ச்சல் நடந்து வந்துக்கிட்டு இருக்கு. வீட்டுக்கு வீடு மருந்தடிக்கணும், எல்லாரும் வலைக்குள்ள படுக்கணும்."

"மருந்தடிச்சா ருசி போயிரும்ல மேடம்?" என்று போஸ் கேட்டான்.

"போயிரும்."

போஸ் அடுப்பிலிருந்த பாலை இறக்கி வைத்தான். மேடமே மறுபடி ஆரம்பித்தார்.

"உங்கள்ல யாருக்காவது வாய் கசந்துச்சா?"

நாலைந்து கைகள் உயர்ந்தன. எப்போது என்று கேட்டார். முந்தாநாள் என்றார்கள், நேற்று இல்லை, இன்றைக்கு உண்டு என்றார்கள்.

"ஒருநாள் விட்டு ஒருநாளா?" மேடத்தின் குரல் மாறியது. "அப்ப அது இந்தக் காய்ச்சல்தான். ஒருநாள் குளுரு தூக்கிப்போடும், மறுநாள் ஒண்ணுமே இல்லாத மாதிரி ஆளு எந்திரிச்சுச் சமைக்கும், சாப்பிடும், சரியாப்போச்சுன்னு நெனைக்கும். அப்படி நெனச்சுத்தான் விட்டுர்றாங்க. அதுவும் புள்ளத்தாச்சியா இருந்தா ரெண்டு உசுருக்கும் ஆபத்து. இது யாரு வாய்ன்னு எனக்கு இப்பத் தெரிஞ்சாகணும்."

ஓரமாக நின்று டீ குடித்துக்கொண்டிருந்த சுருளியாண்டி கிளாஸைக் கீழே வைத்தார்.

"எம்மக வாய் அது" என்றார். "அவ புள்ளத்தாச்சி."

யாரும் ஆச்சரியப்படவில்லை, எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். போஸ்தான் மெதுவாகச் சொன்னான்: "வந்தது அந்தப் புள்ள சமையல்னு எங்களுக்கும் தெரியும் மாமா. நீங்களா போகணும்னு பாத்துக்கிட்டு இருந்தோம். தப்புத்தான்." அவர் அதற்குள் பாதித் தெருவைத் தாண்டியிருந்தார்.

மேடம் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார். கம்பத்தருகில் காவலர் தயங்கி, "மேடம், ஒங்க எல்லை இதோட முடியுதே" என்றார். "கொசு ஒங்ககிட்டக் கேட்டுட்டா போகுது?" என்று சொல்லிவிட்டு மேடம் குனிந்து கம்பத்துக்கு அடியில் நுழைந்தார், நடந்துகொண்டே போனில் அந்தப் பக்கத்துச் சுகாதார ஆய்வாளரை வரச் சொன்னார். கல்லுக்குழியைக் கடக்கும்போது ஒரு நிமிடம் நின்று பார்த்தார். தெளிந்த தண்ணீரின் மேல்மட்டத்தில் புழுக்கள் படுத்த வாக்கில் மிதந்துகொண்டிருந்தன.

வீட்டு வாசலில் ஷிபு நின்றிருந்தான். மாமனாரைக் கண்டதும் என்ன செய்வதென்று தெரியாமல் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டான்.

"மாமா, ஆஸ்பத்திரிக்குப் போகாம்னு ஞான் எத்தன தடவ சொன்னேன். இவ கேக்கண்டே? ஒருநாள் கெடந்து விறைக்கும், மறுநாள் எழும்பிச் சமைக்கும். சரியாச்சுன்னு சொல்லும்."

உள்ளே மூன்று போர்வைக்கு அடியில் பேச்சி நடுங்கிக்கொண்டிருந்தாள். பல் அடிக்கும் சத்தம் கதவுவரை கேட்டது. கண்ணைத் திறந்து அப்பாவைப் பார்த்தவள், மூன்று வருடம் கழித்து அவரிடம் பேசிய முதல் பேச்சு இதுதான்:

"வாசப்படில நிக்காதீங்கப்பா, கொசு கடிக்கும்."

சுருளியாண்டி உள்ளே வந்து அவள் கால்மாட்டில் உட்கார்ந்து அழுதார். மேடம் அவள் விரலில் குத்தி ரத்தம் எடுத்தார், மலேரியாதான் என்று தெரிந்தது, அந்தப் பக்கத்து ஆய்வாளர் ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வயிற்றைச் சோதித்து, பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் சொல்ல முடியாது என்றார். பிள்ளைக்கு ஒத்துக்கொள்கிற மாத்திரையாகப் பார்த்துக் கொடுத்து, மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அன்றிலிருந்து சுருளியாண்டி தினமும் காலையில் கம்பத்தைத் தாண்டிப் போய், பொழுது சாய்ந்ததும் திரும்பி வந்தார். மகள் வீட்டு அடுப்பில் அவரே கஞ்சி காய்ச்சினார், சுக்குத் தட்டினார், வத்தல் சுட்டார், ஆவியை முகர்ந்து பார்த்துத் தன் கை அளவில் உப்புப் போட்டார். மூன்று வருடத்து வாக்கையும் விடவில்லை. குடிக்கத் தண்ணீரைத் தன் வீட்டிலிருந்து ஒரு கேனில் கொண்டுபோனார், மதியச் சோற்றைத் தூக்குச்சட்டியில் கொண்டுபோனார், வாசலுக்கு வெளியே உட்கார்ந்து சாப்பிட்டார். "அங்கிட்டுத் தண்ணி ஒத்துக்காதா மாஸ்டர்?" என்று காவலர் கேட்டால் முறைப்பார். பேச்சி கொடுத்த கஞ்சியைக் கொடுத்தபடி குடித்தாள். எப்படி இருக்கிறது என்று அவர் கேட்டால், "கசக்குதுப்பா, எல்லாமே கசக்குது" என்பாள். மாத்திரை உள்ளே போகப் போக நடுக்கம் நின்றது, ஆனால் நாக்கு தெளியவில்லை. நாக்குத் தெளியாத வரைக்கும் அவருக்கும் தெளியவில்லை.

ஷிபுதான் ஒருநாள் விறகை அடுக்கிக்கொண்டே சொன்னான். "மாமா, இந்த ருசி விஷயம் தெரிஞ்சதிலருந்து இவ அடுக்களைல சமைக்கறதில்ல. அடுப்பைத் தூக்கி வாசல்ல வச்சாச்சு. சந்தி நேரம் ஆனா, சாப்ட்டுட்டு, கல்லுக்குழிக்கரைல கையைக் காலை நீட்டி உக்காரும். ஏன்டீன்னா, 'கடிச்சிட்டுப் போகட்டும், எங்கப்பா பட்டினியா இருக்கும்'னு சொல்லும்."

சுருளியாண்டி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். புகைதான் காரணம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கிறுக்குப் பிள்ளை, கிறுக்குப் பிள்ளை என்று அன்று முழுக்க முனகிக்கொண்டே இருந்தார். இந்தப் பக்கம் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்த கிறுக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இரண்டு பக்கத்து ஆய்வாளர்களும் கல்லுக்குழிக்கரையில் நின்று பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். குழி யாருடையது என்ற கேள்வியை அப்புறம் பார்த்துக்கொள்வது, இப்போதைக்கு அந்தப் பக்கத்தார் கொசுப்புழு தின்கிற கப்பி மீன் கொண்டுவந்து விடுவது, இந்தப் பக்கத்தார் வலை கொடுப்பது, தை பிறப்பதற்குள் இரண்டு பக்கமும் ஒரே நாளில் மருந்தடிப்பது. ஊரும் ஒத்துக்கொண்டது. காய்ச்சல் கண்டவர்கள் மாத்திரை தின்று முடித்திருந்தார்கள். மருந்தடிப்பதற்கு முந்தின நாள் இரண்டு பக்கத்திலும் வீட்டுக்கு வீடு விசேஷச் சமையல். அந்தப் பக்கம் பிரதமன் பாயசம் காய்ச்சினார்கள், இந்தப் பக்கம் கோழி அடித்தார்கள், ஊருக்கு விட்டுப்போகிற ருசி நல்ல ருசியாக இருக்கட்டும் என்று பெண்கள் பேசிவைத்துக்கொண்டார்கள். பொழுது சாயும்போது எல்லோரும் வலைக்குள் இருக்க வேண்டும் என்று மேடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார், எல்லோரும் வலைக்குள்தான் இருந்தார்கள், ஆனால் ஒவ்வொருவருடைய ஒரு கையோ ஒரு காலோ வலைக்கு வெளியே நீண்டிருந்தது. மேடம் ஒரு வீட்டில் திட்டி உள்ளே இழுக்க வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவதற்குள் முதல் வீட்டில் கால் வெளியே வந்துவிடும். கடைசியில் அவரும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து முழங்கைவரை சட்டையை மடித்துவிட்டுக்கொண்டார் என்று போஸ் சொல்கிறான், அதை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

சுருளியாண்டி அன்று கஞ்சிதான் காய்ச்சினார், மகளுக்கு வேறு எதுவும் ஒத்துக்கொள்ளாது என்று. அவள் குடித்து முடித்ததும் கட்டிலைச் சுற்றி வலையைக் கட்டி, நாலு பக்கமும் பாய்க்கு அடியில் செருகிவிட்டு, வெளியே வாசலில் வந்து உட்கார்ந்தார். கதவு திறந்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் கிளம்ப வேண்டும், மாத்திரையும் முடிந்துவிட்டது, இனி வர ஒரு சாக்குமில்லை, ருசி கொண்டுவரக் கொசுவும் இருக்காது; நாளையிலிருந்து புகையை மட்டும்தான் பார்க்க முடியும், பழையபடி. கேனில் தண்ணீர் தீர்ந்திருந்தது. உள்ளே வலை ஒரு ஓரமாக அசைந்தது, வளையல் குலுங்கியது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் பேச்சியின் ஒரு கை முழங்கைவரை வலைக்கு வெளியே நீண்டு, அசையாமல், காத்துக்கொண்டிருந்தது தெரிந்திருக்கும். கொஞ்ச நேரத்தில் ஒரு கொசு சாவகாசமாக வெளியே வந்து, அவர் காதருகில் ஒரு சுற்றுச் சுற்றி, புறங்கையில் உட்கார்ந்து, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு கடித்தது.

கஞ்சி. சுக்கின் காரம் தெரிந்தது, சுட்ட வத்தலின் மணம் தெரிந்தது, புழுங்கலரிசியின் இனிப்பு அடியில் தெரிந்தது. கசப்பைத் தேடினார், நாக்கின் நுனியிலிருந்து அடித்தொண்டைவரை தேடினார், இல்லை, எங்கேயும் இல்லை. மகள் பிழைத்துவிட்டாள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, இனி எந்த டாக்டரும் சொல்ல வேண்டியதில்லை. அவர் சுவரில் சாய்ந்தபோதுதான், கசப்பு இருந்த இடத்தில் இன்னொன்று மெதுவாக எழும்பி வந்தது, ஏறிக்கொண்டே போனது, நாக்கைச் சுருட்டி, கன்னத்தை உள்ளே இழுத்து, தொண்டையை வறட்டியது. அவருடைய கை அளவு, அவர் போட்ட உப்பு, நாலு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்த உப்பு.

சுருளியாண்டி புறங்கையிலிருந்த கொசுவை ஓங்கி அடித்தார். இந்தப் பருவம் முழுக்க அவர் அடித்த முதல் கொசு அதுதான்.

"பேச்சி."

"என்னப்பா?"

"உப்பு கூடத்தான்டி."

உள்ளே அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது, சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியாமல் அது நீண்டுகொண்டே போனது. அவர் தொண்டையைச் செருமினார், காலிக் கேனைப் பார்த்தார், தூரத்தில் தெரிந்த கம்பத்தைப் பார்த்தார்.

"நாக்கு ஒட்டுது தாயி" என்றார். "ஒரு சொம்புத் தண்ணி கொண்டா."

அவள் வலையை விலக்கிக்கொண்டு, ஒரு கையால் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்து, சொம்பை நீட்டினாள். அவர் அதை வாங்கி, அண்ணாந்து, கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, சொம்பைத் திருப்பிக் கொடுத்து, இன்னும் ஒன்று கேட்டார்.